புற்றுநோயில் உடல் உருகுவதும் எதிர்ப்புச் சக்தியும்: சாப்பாடு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் மெலியத் தொடங்கியதும், "எதிர்ப்புச் சக்தி கூடுவதற்கு என்ன கொடுக்கலாம்?" என்றுதான் வீட்டார் கேட்கிறார்கள். அக்கறையான கேள்விதான். ஆனால் அவர்கள் எதிர்பார்ப்பது போல ஒரு பழமோ பொடியோ மாத்திரையோ அதற்குப் பதில் ஆவதில்லை. கீழே உள்ளவை பொதுவான விளக்கங்கள். சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு, சர்க்கரை நோய், குடல் அடைப்பு உள்ளவர்களுக்கு அளவுகள் மாறும். அங்கே சிகிச்சை தரும் மருத்துவரும் உணவியல் நிபுணரும் சொல்வதே முடிவு.

சரியாகச் சாப்பிடாததால்தானே மெலிகிறார்? இதற்கு எதற்குத் தனியாக ஒரு நோய்ப் பெயர்?

பட்டினி கிடப்பவரின் உடல் சிக்கனம் பிடிக்கும். செலவைக் குறைத்துக்கொண்டு, கொழுப்பை முதலில் கரைத்து, தசையை முடிந்தவரை காப்பாற்றும். சாப்பாடு கிடைத்தால் தேறிவிடும். புற்றுநோயோடு வரும் மெலிவு அப்படி நடந்துகொள்வதில்லை. தசையும் சேர்ந்தே கரைகிறது. படுத்தே இருந்தாலும் பலருக்கு உடலின் எரிசக்திச் செலவு குறைவதில்லை. சிலருக்குக் கூடவும் செய்கிறது. போதாததற்குப் பசியும் போய்விடுகிறது. மருத்துவர்கள் இந்த நிலையைக் கேக்கெக்ஸியா என்கிறார்கள். வழக்கமான ஊட்டத்தால் மட்டும் முழுமையாகத் திருப்ப முடியாத தசை இழப்பு என்று 2011-ல் பன்னாட்டு நிபுணர் குழு ஒன்று இதை வரையறுத்தது. கணையம், இரைப்பை, உணவுக்குழாய், நுரையீரல், தலை மற்றும் கழுத்துப் பகுதிப் புற்றுநோய்களில் இது அதிகம்.

இதன் வேர் அழற்சி. கட்டியும், கட்டியை எதிர்க்கக் கிளம்பிய வெள்ளையணுக்களும் டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 போன்ற சைட்டோகைன்களை, அதாவது அழற்சியைத் தூண்டும் செய்திப் புரதங்களை, ரத்தத்தில் கலக்கின்றன. இவை மூளையில் பசியை அடக்குகின்றன, தசையில் புரதச் சிதைவை முடுக்கிவிடுகின்றன, சி.ஆர்.பி. போன்ற அழற்சிப் புரதங்களைத் தயாரிக்கும்படி கல்லீரலை ஏவுகின்றன. அதற்கு வேண்டிய அமினோ அமிலங்களைக் கல்லீரல் தசையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே, "அவர் மனசு வைத்துச் சாப்பிடுவதில்லை" என்று நோயாளியைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை.

அப்படியானால் அவருடைய எதிர்ப்புச் சக்தி கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?

இரண்டும். குழப்பம் தொடங்கும் இடமே இதுதான். நாள் முழுவதும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்துவிட்டுத் திருடன் வரும்போது களைத்துத் தூங்கிவிடும் காவல்காரனைப் போல, அழற்சி ஓயாமல் எரிந்துகொண்டிருக்க, கிருமியையும் கட்டியையும் குறிபார்த்துத் தாக்க வேண்டிய செல்கள் பலவீனமாகக் கிடக்கின்றன.

பலவீனத்துக்குப் பல காரணங்கள் உண்டு. வெள்ளையணுக்கள் வேகமாகப் பெருக வேண்டியவை. அதற்குப் புரதமும் எரிசக்தியும் தடையின்றி வர வேண்டும். அவை விரும்பிப் பயன்படுத்தும் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தின் பெரிய இருப்பு தசையில்தான் இருக்கிறது. தசை கரைந்தால் அந்த இருப்பும் கரைகிறது. உணவு இறங்காத குடலின் உட்சுவர் மெலிகிறது. உடலின் எதிர்ப்புச் செல்களில் பெரும்பகுதி குடலைச் சுற்றியே இருப்பதால், அங்கே ஏற்படும் சேதம் குடலோடு நிற்பதில்லை.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாதது. உணவு போதாதபோது உடல் கார்ட்டிசால் வகை ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கிறது. அவை எதிர்ப்புச் சக்தியை அடக்கும் தன்மை கொண்டவை. கேக்கெக்ஸியா வந்த எலிகளில், உணவு குறைந்ததும் இந்த ஹார்மோன்கள் உயர்ந்து, கட்டிக்குள் நடந்துகொண்டிருந்த எதிர்ப்பு அணைந்து, எதிர்ப்புச் சக்தியைக் கட்டிக்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபி மருந்தும் பலிக்காமல் போனதை 2016-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும், உணவு போதாமை எதிர்ப்புச் சக்தியை எந்த வழியாகக் குலைக்கக்கூடும் என்பதற்கு இது தெளிவான விளக்கம்.

எதிர்ப்புச் சக்திக்கென்று தனியாக ஒன்றைத் தேடுவதைவிட, தசையைக் காப்பாற்றுவதே எதிர்ப்புச் சக்திக்குச் செய்யும் பெரிய உதவி. இனி வரும் பதில்கள் எல்லாம் அந்த எண்ணத்திலிருந்தே எழுதப்பட்டவை.

எடை எவ்வளவு குறைந்தால் கவலைப்பட வேண்டும்?

ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல். 60 கிலோ இருந்தவர் 57-க்குக் கீழே வந்துவிட்டால் அதுவே எச்சரிக்கை. ஏற்கெனவே ஒல்லியாக, பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையின் அளவு) 20-க்குக் கீழே இருப்பவருக்கு 2 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே போதும்.

பருமனானவர் மெலியும்போது நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் யாரும் கவனிப்பதில்லை. "இளைத்தது நல்லதுதான்" என்று பாராட்டுகூடக் கிடைக்கும். கொழுப்புக்கு அடியில் தசை கரைவது கண்ணுக்குத் தெரியாது. மாடிப்படி ஏறத் திணறுவது, நாற்காலியிலிருந்து கையை ஊன்றி எழுவது, கைப்பிடி தளர்வது போன்றவைதான் காட்டிக்கொடுக்கும். இப்படித் தசை குறைந்தவர்களுக்குக் கீமோதெரபியின் பக்கவிளைவுகளும் கடுமையாக இருக்கின்றன. கால் வீக்கமோ வயிற்றில் நீரோ இருந்தால் எடைக்கருவியே பொய் சொல்லும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில், ஒரே கருவியில் எடை பார்த்துத் தேதியோடு குறித்து வையுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளைக் கையில் கொண்டுபோங்கள். மெலிவின் தொடக்கத்தில் உணவு செய்யக்கூடியதை, கடைசியில் எவ்வளவு கொடுத்தாலும் செய்ய முடிவதில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை?

மருத்துவ ஊட்டச்சத்துக்கான ஐரோப்பியச் சங்கமான எஸ்பென் அமைப்பின் வழிகாட்டுதல், உடல் எடையில் கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி, புரதம் கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை என்கிறது. 50 கிலோ எடை உள்ளவருக்கு 1,250 முதல் 1,500 கலோரியும், 50 முதல் 75 கிராம் புரதமும் என்று கணக்காகிறது.

கலோரியை எப்படியாவது எட்டிவிடலாம். சிரமம் புரதத்தில்தான். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். 200 மில்லி பாலில் ஏறக்குறைய 6 முதல் 7 கிராம். கஞ்சியும் பழச்சாறும் மட்டுமே இறங்கும் ஒருவர் 60 கிராமை எட்டவே முடியாது. இரவில் ஒரேயடியாகக் கொடுக்காமல், ஒவ்வொரு வேளையிலும் முட்டை, மீன், கோழி, பால், தயிர், பருப்பு, கொட்டை வகைகளில் ஏதாவது ஒன்று இருக்கும்படி பிரித்துக் கொடுப்பது தசைக்கு நல்லது. வாயால் சாப்பிடுவது போதாதபோது, மருத்துவர் பரிந்துரைக்கும் புரதம் மிகுந்த ஊட்டப் பானங்கள் உதவும்.

பசியே இல்லை என்கிறார். எப்படித்தான் சாப்பிட வைப்பது?

முதலில், பசி போனதற்குச் சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டும். பல வீடுகளில் இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே டானிக்குக்குப் போய்விடுகிறார்கள். வாய்ப்புண், வாயில் வெண்படலமாகப் பூஞ்சை, தீராத வலி, வலி மாத்திரையால் வந்த மலச்சிக்கல், குமட்டல், மனச்சோர்வு என்று ஒவ்வொன்றுக்கும் மருந்து உண்டு. ஒரு வாரமாக மலம் கழிக்காதவருக்கு எந்தச் சமையலும் பிடிக்காது.

கணையப் புற்றுநோயில் அடிக்கடி தவறவிடப்படும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கணையம் செரிமான நொதிகளைச் சுரக்காவிட்டால் சாப்பிட்ட கொழுப்பு அப்படியே வெளியேறும். மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு, கடும் நாற்றத்துடன் மிதந்தால் அதுதான் அறிகுறி. ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுடனும் எடுத்துக்கொள்ளும் நொதி மாத்திரைகள் இருக்கின்றன. இது தெரியாமல், நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்துகொண்டே போகிறவர்கள் உண்டு.

அடுத்தது சாப்பாட்டு முறை. மூன்று பெரிய வேளைகளை மறந்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள். பலருக்குக் காலையில்தான் கொஞ்சமாவது பசி இருக்கும். நல்ல உணவை அப்போதே கொடுத்துவிட வேண்டும். வாசனை குமட்டினால் ஆறிய உணவும் குளிர்ந்த உணவும் ஏற்கும். வாயில் உலோகச் சுவை தட்டினால் உலோகக் கரண்டியை மாற்றிப் பாருங்கள். சாப்பாட்டின் நடுவே தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்பிக்கொள்ளாமல், இடைவேளைகளில் குடிக்கச் சொல்லுங்கள். தண்ணீருக்குப் பதில் பால் என்றால் இன்னும் நல்லது. அளவைக் கூட்ட முடியாதபோது அதே அளவில் சத்தைக் கூட்டலாம்: ஒரு கரண்டி எண்ணெய், வெண்ணெய் அல்லது பால்பவுடர் சேர்த்தால் கிண்ணம் பெரிதாகாது, கலோரி ஏறும்.

வற்புறுத்தாதீர்கள். சாப்பாட்டு நேரம் சண்டை நேரமாகிவிட்டால், கொஞ்சம் இருந்த பசியும் போய்விடும்.

நன்றாக ஊட்டினால் கட்டிக்குத்தானே தீனி? சர்க்கரையை நிறுத்தினால் கட்டி சுருங்காதா?

இந்தப் பயம்தான் பல நோயாளிகளைத் தேவையில்லாமல் பட்டினி போடுகிறது. புற்றுநோய்ச் செல்கள் குளூக்கோஸை அதிகமாக உறிஞ்சுகின்றன என்பது உண்மை. 1920-களிலேயே ஓட்டோ வார்பர்க் அதைக் கண்டார். கட்டி பரவிய இடங்களைக் காட்டும் பெட் ஸ்கேன் வேலை செய்வதும் அந்தத் தன்மையால்தான். ஆனால் சாப்பாட்டில் சர்க்கரையை நிறுத்தினால் ரத்தத்தில் குளூக்கோஸ் நின்றுவிடாது. கல்லீரல் அதைத் தானே தயாரிக்கும், அதுவும் தசைப் புரதத்தை உடைத்து. கட்டிக்குப் போவது போய்க்கொண்டே இருக்கும். நோயாளிக்கு மிஞ்சியிருக்கும் தசைதான் குறையும். உணவு கட்டியை வளர்க்கும் என்ற வாதத்தைக் காரணம் காட்டி ஊட்டத்தைக் குறைக்கக் கூடாது என்று எஸ்பென் வழிகாட்டுதலும் வெளிப்படையாகவே சொல்கிறது. மெலிந்துகொண்டிருப்பவர் உண்ணாவிரதம் இருப்பதும், கலோரியைக் கட்டுப்படுத்தும் உணவுமுறைகளுக்குப் போவதும் ஆபத்து.

சர்க்கரை நோய் இருந்தால், அல்லது ஸ்டீராய்டால் ரத்தச் சர்க்கரை ஏறியிருந்தால் அதைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். அது வேறு விஷயம்.

வைட்டமின் சி, துத்தநாகம், ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகள் கொடுக்கலாமா?

குறை இருந்தால் கொடுக்கலாம். துத்தநாகம் குறைந்தால் சுவையும் கெடும், டி செல்கள் என்ற வெள்ளையணுக்களின் வேலையும் கெடும். வைட்டமின் டி, பி12, இரும்புக் குறைகளை ரத்தப் பரிசோதனையில் பார்த்து மருத்துவர் ஈடுசெய்வார். சாப்பாடு குறைவாக இருப்பவருக்கு, அன்றாடத் தேவையின் அளவிலான ஒரு சாதாரண மல்ட்டிவைட்டமின் போதும்.

குறை இல்லாதபோது பெரிய அளவில் விழுங்குவது வேறு கதை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வெளியானது. நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த பீட்டா கரோட்டின் அதை 18 சதவீதம் கூட்டியிருந்தது. அது நோய் வராதவர்களிடம் நடந்த ஆய்வுதான். ஆனால் இயற்கைச் சத்து என்றால் கெடுதல் செய்யாது என்ற எண்ணத்தை உடைக்க அது ஒன்றே போதும். கதிர்வீச்சும் சில கீமோ மருந்துகளும் ஆக்சிஜனேற்றச் சேதத்தின் மூலமே கட்டியைக் கொல்கின்றன. அந்தச் சமயத்தில் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளைக் குவிப்பது சிகிச்சைக்கே குறுக்கே நிற்கலாம். கிரீன் டீ சாறு, மையலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் போர்டெசோமிப் மருந்தின் வேலையைத் தடுப்பது ஆய்வகத்தில் தெரியவந்திருக்கிறது. மூலிகைப் பொடியோ காப்ஸ்யூலோ எதுவானாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார் என்று பயந்து மறைப்பவர்களே அதிகம்.

ஆல்புமின் குறைவு என்று ரிப்போர்ட் சொல்கிறது. முட்டை வெள்ளைக்கரு கொடுத்தால் ஏறுமா?

பெரும்பாலும் ஏறாது. ஆல்புமின் கல்லீரல் தயாரிக்கும் ஒரு ரத்தப் புரதம். அழற்சி இருக்கும்போது அது தானாகவே இறங்கும். அது சாப்பாட்டின் அளவுகோல் அல்ல. முட்டை கொடுங்கள், முழு முட்டையாகவே. ஆனால் அந்த எண்ணைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

மீன் எண்ணெய், ஆர்ஜினைன், குளூட்டமின் பற்றி நிறையச் சொல்கிறார்களே?

மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு அழற்சியைச் சற்றுத் தணிக்கக்கூடியது. முற்றிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டு எடை இழப்பவர்களுக்கு, பசியும் தசையும் நிலைக்க அதைத் தரலாம் என்று எஸ்பென் பரிந்துரைக்கிறது, பலவீனமான பரிந்துரையாகத்தான். ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ரத்தத் தட்டணுக்கள் குறைவாக இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்தாலோ கேட்காமல் தொடங்கக் கூடாது.

ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம், ஒமேகா-3, நியூக்ளியோடைடு (டி.என்.ஏ.வின் கட்டுமானப் பொருள்) மூன்றும் கலந்த சிறப்பு ஊட்டப் பானத்துக்கு ஓரளவு உறுதியான இடம் ஒன்று உண்டு: உணவுக்குழாய், இரைப்பை, கணையம் போன்ற பெரிய அறுவைச் சிகிச்சைகள். அவற்றுக்கு முன்பும் பின்பும் சில நாட்கள் கொடுத்தால் தொற்றுகள் குறைகின்றன.

குளூட்டமின் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. தசையில் குறைவதை வெளியிலிருந்து நிரப்பினால் போதும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பல உறுப்புகள் செயலிழந்த தீவிரச் சிகிச்சை நோயாளிகளுக்கு அதிக அளவில் கொடுத்துப் பார்த்த ரெடாக்ஸ் ஆய்வில் (2013) இறப்பு கூடியது.

கீமோவின்போது பச்சைக் காய், பழம் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமா?

வெள்ளையணுக்கள் குறையும்போது வேகவைத்ததை மட்டுமே கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் இன்னும் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், அந்தக் கட்டுப்பாடு தொற்றைக் குறைத்ததாகத் தெரியவில்லை. சாப்பாட்டில் மிச்சமிருந்த கொஞ்ச விருப்பத்தையும் அது பறித்துவிடுகிறது என்பதுதான் எனக்குள்ள வருத்தம். சுத்தம்தான் முக்கியம்: நன்றாகக் கழுவிய பழங்கள், முழுதாக வெந்த முட்டையும் இறைச்சியும் மீனும், காய்ச்சிய பால். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெறுபவர்கள் தங்கள் மருத்துவமனையின் விதிகளைப் பின்பற்ற வேண்டும். உயிருள்ள பாக்டீரியா அடங்கிய புரோபயாட்டிக் காப்ஸ்யூல்கள், வெள்ளையணு மிகவும் குறைந்த நேரத்தில் ரத்தத் தொற்றை உண்டாக்கிய நிகழ்வுகள் உண்டு, கேட்காமல் வேண்டாம்.

இரண்டு பாட்டில் குளூக்கோஸ் ஏற்றினால் தெம்பு வருமா?

500 மில்லி பாட்டிலில் உள்ள 5 சதவீதக் கரைசலில் 25 கிராம் குளூக்கோஸ்தான் இருக்கிறது. 100 கலோரிகூட நிறைவாக வராது. புரதம் துளியும் இல்லை. நீர் வறட்சிக்கு அது உதவும், ஊட்டமாகாது.

வாயால் முடியாதபோது அடுத்த வழி மூக்கு வழியாகவோ வயிற்றுச் சுவர் வழியாகவோ செல்லும் குழாய். ஒரு வாரமாக எதுவும் இறங்கவில்லை, அல்லது இரண்டு வாரத்துக்கு மேலாகத் தேவையில் 60 சதவீதம்கூட இறங்கவில்லை என்றால் அந்தப் பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது. தலை மற்றும் கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெறுபவர்கள் பலருக்குச் சில மாதங்கள் குழாயே கைகொடுக்கிறது. குடல் வேலை செய்யும்வரை குடலையே பயன்படுத்துவது நல்லது. அதன் சுவரும் எதிர்ப்புச் செல்களும் அப்போதுதான் உயிர்ப்போடு இருக்கும். சிரை வழியே முழு ஊட்டம் தருவது, குடல் பயன்படாத நிலைக்கு வைத்திருக்கும் வழி. தொற்று அபாயமும் அதில் கூடுதல்.

பல நாள் ஏதும் சாப்பிடாதவருக்கு ஒரேயடியாக நிறையக் கொடுத்துவிடாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் திடீரென்று சரிந்து இதயத் துடிப்பே குழம்பலாம். ஐந்து நாளுக்கு மேல் உணவு இல்லாதிருந்தால், முதல் இரண்டு நாட்கள் தேவையில் பாதிக்கு மேல் போகாமல், தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, ரத்தப் பரிசோதனையோடு ஏற்ற வேண்டும். இது மருத்துவமனையில் நடக்க வேண்டிய வேலை.

பசியைத் தூண்டும் மருந்துகள் உண்டா?

உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. மெஜெஸ்ட்ரால் பசியையும் எடையையும் கூட்டும். ஆனால் கூடுவது பெரும்பாலும் கொழுப்பு, ரத்தக்கட்டி அபாயமும் இருக்கிறது. ஸ்டீராய்டு சில வாரங்களுக்குப் பசியைத் தரும். நீண்டால் தசையைக் கரைக்கும், எதிர்ப்புச் சக்தியையும் அடக்கும். எதற்காகப் பாடுபடுகிறோமோ அதற்கே எதிராகத் திரும்பும் மருந்து அது.

ஓலான்சபின் என்ற பழைய மனநல மருந்தைக் குறைந்த அளவில் கொடுக்கும் முறை இப்போது கவனம் பெற்றிருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் கீமோ பெற்ற 124 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், தினமும் 2.5 மில்லிகிராம் எடுத்தவர்களில் 60 சதவீதத்தினருக்கு எடை 5 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 9 சதவீதத்தினருக்கே ஏறியது. அதிக விலையில்லாத மருந்து என்பதால் மருத்துவரிடம் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அனமோரெலின் மருந்துக்கு 2021-ல் ஜப்பான் அனுமதி தந்தது, ஐரோப்பா மறுத்திருந்தது. ஜி.டி.எஃப்.-15 என்ற பசியடக்கும் புரதத்தைத் தடுக்கும் பொன்செக்ரோமாப், 2024-ல் வெளியான இரண்டாம் கட்ட ஆய்வில் நம்பிக்கை தந்திருக்கிறது.

இவ்வளவு பலவீனமானவர் உடற்பயிற்சி செய்யலாமா?

செய்ய வேண்டும். தசை அசையாவிட்டால் சாப்பிட்ட புரதம் சரியாகத் தசையாக மாறாது. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைச் சில முறை செய்வதும், ரப்பர் பட்டையை இழுப்பதும், வீட்டுக்குள் நடப்பதும் போதும். எலும்புக்குப் பரவியிருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு செய்தும் தேறவில்லை. நாங்கள் தோற்றுவிட்டோமா?

நோய் எந்தச் சிகிச்சைக்கும் கட்டுப்படாமல், ஆயுள் மூன்று மாதத்துக்கும் குறைவு என்று கருதப்படும் கட்டத்தில், உடல் ஊட்டத்தைத் தசையாக மாற்றும் திறனையே இழந்துவிடுகிறது. அப்போது குழாயும் சிரை ஊட்டமும் நன்மையைவிடத் தொல்லையையே கூட்டும்: வீக்கம், மூச்சுத்திணறல், குமட்டல். அவர் பசியால் தவிப்பதில்லை; அந்த நிலையில் பெரும்பாலோருக்குப் பசியே தெரிவதில்லை. விரும்பியதை விரும்பிய அளவு கொடுத்து, வாயை ஈரமாக வைத்திருப்பதே அப்போது சரியான கவனிப்பு. சாப்பிடவில்லை என்பதால் இறக்கவில்லை; நோய் முற்றியதால் சாப்பிட முடியவில்லை. இந்த வரிசையை மருத்துவர் வீட்டாரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டால், பின்னாளில் குற்றவுணர்ச்சி கொஞ்சம் குறையும்.

காய்ச்சல் வந்தால் சத்தான உணவு கொடுத்துப் பார்க்கலாமா?

கூடாது. கீமோ பெறுபவருக்கு உடல் சூடு 38 டிகிரி செல்சியஸை, அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டை எட்டினால், நேரம் எதுவானாலும் உடனே மருத்துவமனையை அழைக்க வேண்டும். பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். வெள்ளையணு குறைந்த நிலையில் தொற்று சில மணி நேரத்தில் முற்றிவிடும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் மிகவும் மெலிந்தவர்களுக்கும் காய்ச்சலே வராமல், நடுக்கமோ குழப்பமோ மட்டும் தெரியலாம். அதற்கும் இதே அவசரம்தான்.